வத்திராயிருப்புக்காரியின் தவளை

அவளை எனக்கு ஏன் பிடிக்காது என்று அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால் ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்திருப்பேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஜெபப் பாட்டில் குரல் பிசிறடிக்காது. சனிக்கிழமை தவறாமல் அவளைப் பார்க்க அவள் அப்பா வருவார். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் என்னை உள்ளுக்குள் அரித்தது. ஆனால் அதை அப்போது எவளாவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவள் குடுமியைப் பிடித்திருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களை டீச்சர்களாக்கும் மிஷன் டிரெயினிங் பள்ளி ஒன்றில் நாங்கள் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்னால். என் ஊர் ராஜபாளையம், அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். பஸ் ஏறினால் உட்கார்ந்து சாய்வதற்குள் இறங்க வேண்டிய தூரம். அந்த இரண்டு வருஷத்தில் அப்பா என்னைப் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தார். அதுவும் கோர்ட்டுக்குக் கைதியைக் கூட்டிவந்த இடத்தில், கைதியை வெளியே நிறுத்திவிட்டு, "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் ஊர் வத்திராயிருப்பு. பெயர் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதில்லை. மற்றவர்களிடம் பேசும்போது 'வத்திராயிருப்புக்காரி' என்பேன். அவள் அப்பா கொஞ்சம் தென்னையும் நெல்லும் வைத்திருந்த சம்சாரி. மனைவி செத்த பிறகு மறுதாரம் கட்டாமல் ஒற்றை மகளை வளர்த்தவர். சனிக்கிழமை மத்தியானம் விடுதி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு குத்தவைத்திருப்பார். அவித்த கடலையோ மாம்பழமோ கொண்டுவருவார். "எல்லாப் பிள்ளையளுக்கும் குடு, தாயி" என்பார். அந்தக் கடலையை நானும் தின்றேன். தின்றுவிட்டு, உப்புக் கூடுதல் என்பேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பெரிய டீச்சரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மார்க்கில் நாங்கள் இரண்டு பேரும்தான் முதலில் நின்றோம்.

"கோடை லீவுக்குப் பொறவு நம்ம மாடல் ஸ்கூல்ல ஒரு எடம் காலியாகுது. ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கிறிஸ்மஸுக்கு முன்னாடி வாராக. இயற்கைப் பாட நோட்டைக் காட்டுவேன். எவ நோட்டு ஒசத்தியோ அவளுக்கு வேலை."

எனக்கு அந்த வேலை என்றால் வெறும் வேலை இல்லை. சாத்தூரில் ஒரு ஏட்டு, பெண்டாட்டியை இழந்தவர், இரண்டு பிள்ளைக்காரர். அப்பாவைவிட இரண்டு வயதுதான் இளையவர். "வேலை கிடைத்தால் பார்ப்போம், கிடைக்காவிட்டால் சித்திரையில் ஏட்டுக்கு முடித்துவிடுவோம்" என்று அப்பா கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் அழுதுகொண்டே விடுதி முழுக்கப் படித்துக் காட்டியிருந்தேன். எல்லாரும் சேர்ந்து அழுதார்கள், அவளும் அழுதாள். அவள் அழுதது கூட எனக்குப் பிடிக்கவில்லை.

இயற்கைப் பாட நோட்டு என்றால், ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு உயிரையோ செடியையோ எடுத்துக்கொண்டு, தினமும் பார்த்து, பார்த்ததைத் தேதி போட்டு எழுதிப் படமும் வரைய வேண்டும். நான் தவளையை எடுத்துக்கொண்டேன். கண்மாயிலிருந்து முட்டைக் கொத்தை அள்ளிவந்து கண்ணாடிச் சீசாக்களில் விட்டேன். தலைப்பிரட்டை வந்தது, பின்னங்கால் வந்தது, முன்னங்கால் வந்தது, வால் சுருங்கியது. எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்தபடியே நடந்தது. புத்தகத்தில் போட்டிருந்ததற்கு இரண்டு நாள் முந்தியோ பிந்தியோ நடந்தால், புத்தகத்தின்படி தேதியைத் திருத்தி எழுதினேன்.

அவள் எடுத்துக்கொண்டது பெரணி. மலையடிவார ஓடைக்கரையில் வளர்கிற செடி, பூ கூடப் பூக்காது. அவள் அப்பா அதைப் பாசியோடும் மண்ணோடும் பெயர்த்து, வாய் உடைந்த ஒரு தொட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்து கொண்டுவந்தார். "பூக்காத செடியப் பத்தி எம்புட்டு எழுதிருவா?" என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நிழலும் ஈரமுமாக இருந்த மூலையில் தொட்டியை வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, பாட நேரத்தில் எழுந்து நின்று சொன்னாள்:

"டீச்சரம்மா, தொட்டியில தவளை முட்ட போட்டிருக்கு. தண்ணியில இல்ல, பாசி மேல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவளை என்னுடையது. கண்மாய்ச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி எடுத்துவந்தவள் நான். இவள் பெரணிக்காரி, பெரணியோடு கிடக்க வேண்டியதுதானே.

"நத்த முட்டையா இருக்கும்" என்றார் பெரிய டீச்சரம்மா. "தவளை தண்ணியிலதான் முட்டையிடும். புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

யாரும் கேட்காமலே நான் எழுந்து பக்கத்தைச் சொல்லி அந்த வரியை வாசித்தேன். தவளை தன் முட்டைகளை நீரில் இட்டுவிட்டு அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இருந்தது. வகுப்பு சிரித்தது. அவள் மட்டும், "அந்தத் தவள அங்கனயேதான் டீச்சரம்மா உக்காந்திருக்கு" என்றாள்.

எல்லாரும் கிணற்றடிக்குப் போனோம். இருந்தது. கட்டை விரலின் முதல் கணு அளவுதான் இருக்கும். வெந்த ஜவ்வரிசி மாதிரி இருபது இருபத்திரண்டு முட்டைகள், அதன் மேல் வயிற்றை வைத்து அது உட்கார்ந்திருந்தது. தொட்டியோடு மலையிலிருந்து வந்ததா, மழையோடு வந்ததா, யாருக்கும் தெரியவில்லை. "திங்கதுக்கு உக்காந்திருக்கு" என்றார் பெரிய டீச்சரம்மா. எனக்கு நிம்மதியாக இருந்தது. சீக்கிரம் தின்று தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அது தின்னவில்லை. அவள் காலையிலும் பாட இடைவேளையிலும் விளக்கேற்றுவதற்கு முன்பும் போய் உட்கார்ந்து பார்த்தாள். பார்த்ததை மறுநாள் வகுப்பில் வாசித்தாள். வெயில் ஏறினால் தவளை இறங்கித் துவைகல்லின் ஈரத்தில் செத்த நேரம் கிடக்கிறது, பிறகு ஏறிவந்து முட்டைகள் மேல் படுக்கிறது, அதனால் முட்டைகள் காய்வதில்லை. எறும்பு வரிசை கட்டி வந்தபோது ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்தது. ஒரு முட்டையில் வெள்ளைப் பூசணம் பிடித்தது, மறுநாள் அந்த ஒன்றை மட்டும் காணவில்லை, பக்கத்து முட்டைகள் பூசணம் பிடிக்காமல் தப்பின. இப்படி வாசித்துக்கொண்டே போனாள். நாங்கள் பெயருக்கு எழுதுவோம், இவள் கதை மாதிரி எழுதினாள். கேட்கும்போது என் வயிறு திகுதிகுவென்று எரியும். கூடவே, நாளைக்கு என்ன எழுதுவாளோ என்று காத்துக்கொண்டும் இருப்பேன். அந்தக் கண்றாவியை யாரிடம் சொல்வது.

ஒருநாள், "சாயங்காலமானா டிக் டிக்னு கத்துது, டீச்சரம்மா. கத்துறது ஆண் தவளதானே. அப்ப இது அப்பன்" என்றாள்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பன் முட்டை மேல் உட்காருவதாவது. பெரிய டீச்சரம்மா கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. வேப்பமரத்தடியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பாதியில் அவள் போட்டாளே ஒரு குண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தாளாம். முட்டைக்குள் கறுப்புப் புள்ளியாக இருந்தது இப்போது கால் முளைத்துக் கிடக்கிறதாம். தலைப்பிரட்டையாக ஆகாமல் நேரே குட்டித் தவளையாகவே வெளியே வரும்போல இருக்கிறதாம். "ஓடையில தண்ணி இருந்தும் தண்ணி வேண்டாம்னு வச்சிருக்கு. அதுக்கு எல்லாம் முட்டைக்குள்ளயே நடந்துருது" என்றாள்.

வகுப்பே மறுபடியும் கிணற்றடிக்குப் போனது. பெரிய டீச்சரம்மாவுக்கு வயசாகிவிட்டது, பூதக்கண்ணாடியில் அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்து, "நீ பாரு. நீதானே தவள எடுத்தவ" என்றார். எனக்குத் தலைவலிக்கிறது என்றேன். பார்த்துவிட்டு, ஆமாம், கால் இருக்கிறது என்று என் வாயால் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று பயம்.

கடைசியில் அவர் முடிவு சொன்னார். "இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வாரதுக்குள்ள முட்ட பொரிஞ்சு கால் உள்ள குட்டி வந்தா, அவிய கையிலயே குடுத்துக் காட்டுவோம். வேலையும் ஒனக்குத்தான். இல்லேன்னா தவளை பக்கத்த எல்லாம் அடிச்சுரு. கண்டத எல்லாம் பாடம்னு எழுதக் கூடாது."

அன்றிலிருந்து விடுதியில் என் சீசாக்களைப் பார்க்க ஆளில்லை. எல்லாரும் அவள் தொட்டியைச் சுற்றி. சமையல்கார அம்மா கூட, "பொரிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சாத்தூர் ஏட்டின் மீசை தெரியும். அந்த அரை விரல் தவளையை நான் வெறுத்த மாதிரி, பிற்காலத்தில் எந்த மனுஷரையும் வெறுத்ததில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் ஆராதனைக்கு வரிசையாகப் போனார்கள். நான் மறுபடியும் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். கேட் சாத்திய சத்தம் கேட்டதும் எழுந்து, என் எனாமல் பேசினில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

முட்டைகளைக் கொல்ல வேண்டும் என்று நான் போகவில்லை. இதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்கே தெரியவில்லை. தவளை முட்டை தண்ணீரில்தான் வளரும் என்று புத்தகம் சொன்னது, பெரிய டீச்சரம்மா சொன்னார், என் சீசாக்கள் சொல்லின. தண்ணீரில் விட்டால் தலைப்பிரட்டை வரும். வந்தால் அவள் எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும். வறண்டு சாகப்போகிற முட்டைகளைக் காப்பாற்றியவள் நானாக இருப்பேன். அவளுடைய தவளை என் பேசினில் என் தலைப்பிரட்டையாகப் பிறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

தவளை நகரவில்லை. ஈர்க்குச்சியால் தட்டினேன். வயிற்றை இன்னும் அழுத்திக்கொண்டு படுத்தது. இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன். ஜில்லென்று இருந்தது, பின்னங்காலால் என் விரலை உதைத்தது. துவைகல்லில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாசியைக் கரண்டியால் நெம்புவதற்குள் தொட்டி விளிம்பில் வந்து நின்றது. மறுபடியும் தூக்கி விட்டேன். மறுபடியும் வந்து, இந்தத் தடவை கரண்டிக்குள்ளேயே, முட்டைகள் மேலேயே ஏறிக்கொண்டது. "சனியனே, போ" என்று திட்டினேன். கடைசியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் போட்டு அதை மூடிவைத்துவிட்டு வேலையை முடித்தேன். பேசினைக் கட்டிலுக்கடியில் தள்ளி மேலே பழைய துணியைப் போட்டேன். பிறகு போய்ச் சிரட்டையை எடுத்துவிட்டேன். பக்கத்துச் சர்ச்சில் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவள் குரல் தனியாகத் தெரிந்தது.

முட்டைகளைக் காணோம் என்று மத்தியானம் விடுதியே அமர்க்களப்பட்டது. பாம்பு என்றாள் ஒருத்தி, பெருச்சாளி என்றாள் இன்னொருத்தி. அவள் தொட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்று, "ஐயோ பாவம்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், யாரும் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, பூதக்கண்ணாடியை வகுப்பிலிருந்து எடுத்துவந்து பேசினைப் பார்த்தேன். முட்டைகள் வெளுத்து ஊதியிருந்தன. ஒன்றைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கால் இருந்தது. மடக்கி வைத்த பின்னங்கால் இரண்டும், அதில் விரல்களும் இருந்தன. இரண்டு கறுப்புக் கண்கள் இருந்தன. வால் ஒட்டிக்கொண்டிருந்த சிறு தோலாகத்தான் இருந்தது. ஒன்றும் அசையவில்லை. இருபதையும் பார்த்தேன். இருபதிலும் கால் இருந்தது. தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பேசினைக் கொய்யா மரத்தடியில் கவிழ்த்து, காலால் மண்ணைத் தள்ளினேன்.

அதற்கப்புறமும் அந்தத் தவளை வெறும் பாசி மேல் நான்கு நாள் உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறினால் இறங்கித் துவைகல் ஈரத்தில் நனைந்து, திரும்பி வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் வயிற்றை வைத்துப் படுத்தது. அவள் நான்கு நாளையும் எழுதினாள். ஐந்தாம் நாள் அது இல்லை. அவள் ஸ்கேலை வைத்து, தவளைப் பக்கங்கள் அத்தனையையும் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். அவள் நோட்டைப் புரட்டி, ஏன் இவ்வளவு அடித்தல் என்று கேட்டார். "பார்த்ததக் காட்ட முடியல, அம்மா" என்றாள். என் சீசாக்களைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ஒழுங்கு என்றால் இது என்றார். வேலை எனக்கு வந்தது. அப்பா ஒரு கார்டு போட்டார், ஏட்டை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், படம் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவள் நோட்டை வாங்கி, கோட்டுக்கடியில் இருந்த எழுத்தை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்தேன். முட்டைக்குள் கால் மடங்கியிருக்கும் படம் இருந்தது. நான் செத்த முட்டையில் பார்த்ததை அவள் உயிரோடு பார்த்து வரைந்திருந்தாள். கடைசி வரி: "நான்காம் நாளும் உட்கார்ந்திருக்கிறது. முட்டைகள் இல்லை என்பது அதற்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை." அடித்த பக்கத்தைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது என்றேன்.

பரீட்சை முடிந்து சித்திரையில் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினோம். வத்திராயிருப்பு பஸ்ஸும் ராஜபாளையம் பஸ்ஸும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அவளும் நானும் டிரங்குப் பெட்டிகளோடு நின்றோம். அவள் அப்பா டிக்கெட்டுக்குப் போயிருந்தார். என்னைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை, நானே போய்க்கொள்வேன் என்று பெரிய டீச்சரம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள். நான் அவளைவிட ஒரு வயது மூத்தவள்.

"என்ன?"

"அந்த முட்டைய நான் பாத்தேன். திங்கக்கெழம காலையில பெருக்கயில, ஒங்க கட்டிலுக்கு அடியில பேசின் இருந்துச்சு. அப்பமே எல்லாம் வெளுத்துப் போச்சு."

"பெரிய டீச்சரம்மாட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அதையும் அதட்டுகிற மாதிரிதான் கேட்டேன்.

"சொன்னா வேல எனக்கு வந்துரும். ஒங்கள அந்த ஏட்டுக்குக் குடுத்துருவாகல்லா" என்றாள். பிறகு, பெட்டியின் கொண்டியைச் சரிபார்த்துக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "எனக்கு வேல இல்லாட்டி என்னக்கா. எங்க அப்பா என்னைய வீட்டோட வச்சுக்கிடுவாக."

அவர் வந்தார். தலைத்துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அவள் பெட்டியைத் தூக்கினார். "ஒன் பெட்டியவும் ஏத்திரட்டா, தாயி?" என்று என்னிடமும் கேட்டார். வேண்டாம் என்றேன். ஜன்னலோரமாக அவளை உட்காரவைத்துவிட்டு, வெயில் படுகிறது என்று தான் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தார்.

அவள் காலில் விழுந்து அழுதிருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது, கார்த்திகை முழுக்க எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. அந்த வேலையை அப்போதே அவள் மடியில் தூக்கிப் போட்டுவிட்டு, அவள் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.